நான் நாக்கை நீட்டவில்லை

அன்றைக்கு நான் கணக்கு டீச்சரைப் பார்த்து நாக்கை நீட்டவில்லை. இத்தனை வருடம் கழித்தும் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. நாக்கு வெளியே வந்தது உண்மை. புருவம் ஏறி இறங்கியதும், வாய் ஒரு பக்கமாகக் கோணியதும், முன்வரிசைப் பெண்கள் சிரித்ததும் உண்மை. ஆனால் அதையெல்லாம் செய்தது நான் இல்லை. என் உடம்பு என்னைக் கேட்காமல் செய்தது.

கரும்பலகையில் பின்னக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த டீச்சர் சிரிப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினார். அந்த நேரம் பார்த்து என் நாக்கு இன்னொரு தடவை வெளியே வந்து உள்ளே போனது.

"என்னப் பாத்தா கேலியா இருக்கா ஒனக்கு?"

"இல்ல மிஸ்."

சொல்லும்போதே வலது தோள் வெட்டி இழுத்து, கையில் இருந்த பேனா பறந்துபோய்ப் பக்கத்துப் பெஞ்சில் விழுந்தது. வகுப்பே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே சிரிப்பும் வந்தது. அந்தச் சிரிப்புதான் என்னைக் கவிழ்த்துவிட்டது.

"வெளிய போய் நில்லு."

போய் நின்றேன். கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டேன். விரல்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டன.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் ஆண்டர்சன்பேட்டையில், வீடு கோரமண்டல் லைனில், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில். கோலார் தங்கச் சுரங்கத்தை மூடியபோது நான் கைக்குழந்தை. நைனா, அதாவது என் அப்பா, ஷாஃப்ட் என்ற ஆழக் குழிக்குள் இறங்கி வேலை பார்த்தவர். சுரங்கம் அவருக்குக் கொடுத்தனுப்பியது மூச்சிரைப்பு. அம்மா விடிகாலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்குப் போய், கார்மெண்ட்ஸில் சட்டைக் காலர் தைத்துவிட்டு இருட்டிய பிறகு வருவாள்.

எங்கள் ஊரில் தொண்டை வலிக்கிறது என்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். காற்றடிக்கும் மாதங்களில், தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிவைத்த சைனைடு மண்மேட்டிலிருந்து வெள்ளைத் தூசி கிளம்பி, காய்கிற துணியிலும் தின்கிற சோற்றிலும் படியும். இருமாத வீடு கிடையாது. பாதி வீடுகளில் நைனாவைப் போல ஒருவர் கட்டிலில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட ஊரில் ஒரு சிறு பெண்ணின் தொண்டை வலி எம்மாத்திரம்?

எனக்கு வருடத்தில் பல தடவை வரும். இருமல், ஜலதோஷம் இல்லாமல் திடீரென்று காய்ச்சல். எச்சில் விழுங்கினால் கண்ணாடித் துண்டு இறங்குவது போல இருக்கும். கழுத்தில் இரண்டு பக்கமும் நெல்லிக்காய் அளவு கட்டி. ஐஸ் தின்றாயா என்று கேட்பார்கள். உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொல்வார்கள். மருந்துக் கடையில் போய்ச் சொன்னால், கேட்காமலேயே நாலு மாத்திரை வெட்டித் தருவார்கள். ரெண்டு மாத்திரையில் காய்ச்சல் விட்டுவிடும். மீதி மாத்திரை அலமாரியில், அடுத்த தடவைக்கு. இதில் எங்கள் வீடு மட்டும் விசேஷம் இல்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான். முழுதாகச் சாப்பிட வேண்டும் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அதைச் சொல்வது யாருடைய வேலையோ, அவர்களும் சொல்லவில்லை.

கடைசியாக வந்த தொண்டை வலி விட்டுப் போன பிறகு முழங்கால் வீங்கியது. பிறகு அது வற்றிக் கணுக்கால் வீங்கியது. வளர்கிற வயசு என்றார்கள். அதுவும் போய்விட்டது. கொஞ்ச மாதம் கழித்துத்தான் கைகள் ஆட ஆரம்பித்தன.

முதலில் எழுத்து கெட்டது. நான் அழகாக எழுதுகிறவள். என் நோட்டைப் பார்த்து எழுதுங்கள் என்று மற்றவர்களிடம் காட்டுவார்கள். அந்த எழுத்து கோழி கிளறினது மாதிரி ஆனது. பிறகு தம்ளர் கையிலிருந்து எகிறும். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. நடந்தால் கால் ஒரு மாதிரி துள்ளும். வகுப்பில் எனக்கு 'டான்ஸ்' என்று பேர் வைத்தார்கள்.

ஒரு வாரம் வெளியே நிற்க வைத்த பிறகும் நான் 'திருந்தவில்லை' என்பதால் தலைமை ஆசிரியையிடம் கொண்டுபோனார்கள். திங்கட்கிழமை பிரேயரில் எல்லோர் முன்னாலும் கணக்கு டீச்சரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் பெற்றோர் வர வேண்டும் என்றார்.

அன்று இரவு அம்மா வந்ததும் சொன்னேன். ரயிலில் நின்றுகொண்டே வந்த களைப்பில் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், பொய் சொல்லாத. நீ வேணும்னு பண்ணியா?"

"இல்லம்மா. தானா வருது."

"அப்ப மன்னிப்பு கேக்காத."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் எதையும் கேட்கவில்லை. எழுந்து சோறு போட்டாள். நான் தட்டைப் பிடிக்க முடியாமல் தவித்ததைப் பார்த்து அவளே ஊட்டினாள். பன்னிரண்டு வயசுப் பெண்ணுக்கு ஊட்டிவிடுகிறாளே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த ஒரு வாக்கியம் வயிற்றுக்குள் போய்ச் சோற்றைவிடத் தெம்பாக உட்கார்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தாள். நைனாவின் அக்கா, மாரிகுப்பத்தில் இருப்பவள். மதியம் நான் தூங்கிக்கொண்டிருந்தபோது வந்து, என் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். விழித்தபோது அவள் நைனாவிடம் பேசுவது காதில் விழுந்தது.

"தூங்கசொல்ல ஒண்ணுமே இல்ல, கல்லு மாரி கெடக்குது. கண்ண முழிச்சா ஆடுது. ஒண்ணு, இது நடிக்குது. இல்ல, உள்ள வேற இன்னாவோ கீது. பங்காருபேட்டை பக்கத்துல ஒருத்தர் கயிறு மந்திரிச்சிக் கட்றாரு. இட்டுக்கினு போலாம் வா."

நைனாவுக்கு நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். அன்றைக்கு எழுந்து உட்கார்ந்து, புத்தர் படம் மாட்டியிருந்த சுவரைக் கையால் தட்டினார்.

"நம்ம தாத்தா இவருகிட்ட வந்தப்பவே பேயயும் கயிறயும் விட்டுட்டு வந்தாரு. நீ திரும்பி எடுத்துக்கினு வராதக்கா. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"அப்ப இன்னா நோவுன்னு சொல்லேன்."

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்ககிட்ட போறோம்."

திங்கட்கிழமை பிரேயரில் நான் இல்லை. அம்மா சம்பளத்தை விட்டுவிட்டு லீவு போட்டாள். அரசு ஆஸ்பத்திரியில் அன்று இருந்தது சின்ன வயசு டாக்டரம்மா, கன்னடக்காரர். அம்மாவுக்குக் கன்னடம் நன்றாக வரும், எனக்கும் வரும். அம்மா தன் கதையை ஆரம்பிக்கும் முன்பே அவர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலிகெ தோரிசம்மா," என்றார்.

நாக்கைக் காட்டினேன். "அப்படியே வெளியிலேயே வை," என்றார். வைக்க முடியவில்லை. பாம்பு நாக்கு மாதிரி வந்து வந்து உள்ளே போனது. தன் இரண்டு விரலை என் கையில் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன், விட்டது, மறுபடி பிடித்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடி ரொம்ப நேரம் கேட்டார்.

"சில மாசம் முன்னாடி இவளுக்குத் தொண்டை வலி வந்ததா? காய்ச்சலோட?"

அம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. கை ஆடுகிறது என்று வந்தால் தொண்டையைக் கேட்கிறாரே என்று நின்றாள். பிறகு சொன்னாள், "அது எப்பவும் வருமே."

"எப்பவும் வரும்னா?"

அந்த அறையில்தான் முதன்முதலாக எல்லாம் ஒரே கயிற்றில் கோக்கப்பட்டது. தொண்டைக்குள் வரும் ஒரு கிருமி. அதை எதிர்க்க உடம்பு படை திரட்டுகிறது. சில பிள்ளைகளுக்கு அந்தப் படை ஆள் மாறித் தன் உடம்பையே அடிக்கிறது: மூட்டை, மூளையில் அசைவைக் கட்டுப்படுத்தும் இடத்தை, இதயத்தின் வால்வுகளை. மூட்டு ஆறிவிடும், கை ஆட்டமும் நின்றுவிடும், வால்வில் விழுந்த வடு மட்டும் போகாது. ஒவ்வொரு தடவை தொண்டையில் கிருமி வரும்போதும் அந்த வடுவின் மேல் இன்னொரு அடி. தூங்கும்போது ஆட்டம் நின்றுவிடுவதும் இந்த நோயின் குணம்தான் என்றார் டாக்டரம்மா. அம்மா அதை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள், அத்தையிடம் போய்ச் சொல்வதற்காக.

கோலாரில் ரத்தப் பரிசோதனையும் இதயத்துக்கு எக்கோ ஸ்கேனும் எடுத்தார்கள். இதயத்தின் இடது பக்க வால்வில் லேசான கசிவு. கையாட்டத்துக்கு மாத்திரை. வீட்டில் ஓய்வு. தொண்டையில் கிருமி மறுபடி தலையெடுக்காமல் இருக்க மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, இருபத்தொரு வயது வரைக்கும், வேண்டுமானால் அதற்கு மேலும்.

"ஒரு ஊசிகூடத் தவறக் கூடாது. தவறினா, அடுத்த தடவை இவ்வளவு லேசா விடாது," என்றார் டாக்டரம்மா.

அந்த ஊசி எப்படி இருக்கும் என்று போட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியும். மருந்து தண்ணீர் மாதிரி இருக்காது, சுண்ணாம்புப் பால் மாதிரி. இடுப்புக்குக் கீழே இறங்கும்போது இரும்பைக் காய்ச்சி ஊற்றுகிற மாதிரி இருக்கும். நொண்டிக்கொண்டேதான் வீட்டுக்கு வருவேன். முதல் தடவை அழுதேன். இரண்டாவது தடவையும் அழுதேன். பிறகு அழவில்லை. நர்ஸைத் திட்ட ஆரம்பித்தேன். அவர் சிரித்துக்கொண்டே குத்துவார்.

கைகள் மெல்ல அடங்கின. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பின நாளில் அம்மா கூட வந்தாள். தலைமை ஆசிரியை அறையில் கணக்கு டீச்சரும் இருந்தார். அம்மா நடந்ததையெல்லாம் சொன்னாள். கத்தவில்லை.

"ஐயோ பாவம். எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் தலைமை ஆசிரியை.

"தெரியாதுங்க. எனக்கும்தான் தெரியாது. ஆனா எம்பொண்ணு நான் பண்ணலன்னு சொல்லிச்சு. நான் நம்பனேன், நீங்க நம்பல. பிரேயர்ல நிக்க வெச்சி மன்னிப்பு கேக்கச் சொன்னீங்களே, அதே பிரேயர்ல சொல்லிடுங்க, இந்தப் பொண்ணு பண்ணது சேட்டை இல்ல, நோவுன்னு. அது போதும் எனக்கு."

பார்க்கலாம் என்றார் தலைமை ஆசிரியை. கணக்கு டீச்சர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. 'டான்ஸ்' என்ற பேர் அப்படியே இருந்தது. புதிதாக ஒன்றும் சேர்ந்துகொண்டது: தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பெஞ்சில் இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

பிரேயரில் செய்தி வாசிக்கும் முறை ஒவ்வொரு வகுப்புக்கும் வரும். எங்கள் வகுப்பின் வாரம் வந்தபோது நானே போய்ப் பேர் கொடுத்தேன். வகுப்பு டீச்சர் யோசித்தார். "முடியுமா உன்னால?" என்றார். முடியும் என்றேன்.

மேடையில் ஏறிச் செய்தித்தாளிலிருந்து இரண்டு செய்தி வாசித்தேன். வலது கை கொஞ்சம் நடுங்கியது. மைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். பிறகு தாளை மடித்துவிட்டு, மூன்றாவது செய்தி இந்தப் பள்ளிக்கூடத்துச் செய்தி என்றேன். எனக்கு வந்தது என்ன நோய் என்று சொன்னேன். அது தொண்டை வலியில் ஆரம்பிக்கும் என்று சொன்னேன். என் கையாட்டம் ஒட்டாது, ஆனால் தொண்டைக் கிருமி ஒட்டும். காய்ச்சலோடு தொண்டை வலித்தால் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள், டாக்டரிடம் போங்கள், கொடுத்த மாத்திரையை முழுசாகத் தின்றுவிடுங்கள் என்றேன். கடைசியில், "நான் யாரையும் பார்த்து நாக்கை நீட்டவில்லை. அதனால் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை," என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, கேட்காமல் பேசியதற்காகக் கண்டித்தார். பெற்றோரை வரச் சொல்லவில்லை. கணக்கு டீச்சர் அந்த வருடம் முழுக்க என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் கரும்பலகையில் வந்து கணக்குப் போடச் சொல்லிச் சாக்குக்கட்டியை நீட்டினார். போட்டேன். கோடு கோணலாக வந்தது, விடை சரியாக வந்தது. "உக்காரு," என்றார். எங்களுக்குள் இருந்த வழக்கு அதற்கு மேல் நகரவே இல்லை. நகர வேண்டும் என்று நானும் ஏங்கவில்லை.

டிகிரி முடித்து பெங்களூரில் வேலை கிடைத்து ஹாஸ்டலில் சேர்ந்தபோது, என் ஊசிக்கு யாரும் கதவு திறக்கவில்லை. ஒரு கிளினிக்கில் சீட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். இன்னொன்றில் பென்சிலின் என்ற பேரைக் கேட்டதும் டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"நாங்க இதெல்லாம் போடறதில்லமா. ரியாக்‌ஷன் ஆனா யார் பதில் சொல்றது?"

"டெஸ்ட் டோஸ் போட்டுப் பாருங்க டாக்டர். சின்ன வயசுலேருந்து போட்டுக்கறேன், ஒண்ணும் ஆனதில்ல."

"ரிஸ்க் எடுக்க முடியாது."

"போடலன்னா என் வால்வு போறது ரிஸ்க் இல்லயா?"

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் எழவில்லை. "நீங்க போட வேணாம். எங்க போடுவாங்கன்னு மட்டும் விசாரிச்சி சொல்லுங்க. அதுவரைக்கும் வெளிய உக்காந்திருக்கேன்," என்றேன். உட்கார்ந்தேன். வந்தவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டுப் போனார்கள். ரிசப்ஷனில் இருந்த பெண் இரண்டு தடவை வந்து, "மேடம், ப்ளீஸ்," என்றாள். கடைசியில் டாக்டரே வெளியே வந்து, போனில் யாரிடமோ பேசி, ஊருக்குள் இருக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவுக்கு வழி சொன்னார். முகம் கடுகடுவென்றுதான் இருந்தது. ஆனாலும் சொன்னார். அங்கே போனால் என்னைப் போல ஊசிக்குக் காத்திருப்பவர்கள் ஒரு வராண்டா நிறைய இருந்தார்கள், சின்னப் பிள்ளைகளிலிருந்து என் வயசுப் பெண்கள் வரைக்கும். பாதிப் பேர் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஒரு தொண்டை வலி இவ்வளவு பேரை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறதே என்று எனக்கு வந்தது பயம் இல்லை, ஆத்திரம்.

போன வருடம் அத்தை ஒரு மாப்பிள்ளை வீட்டைக் கூட்டி வந்தாள். வருவதற்கு முதல்நாளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஊசி விஷயத்த மட்டும் வாய் தொறக்காதம்மா. கல்யாணம் ஆவட்டும், அப்பால பாத்துக்கலாம்." நான் பதில் சொல்லவில்லை. அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

டீ கொடுத்துவிட்டு, உள்ளே போகாமல் மாப்பிள்ளையின் அம்மா எதிரில் உட்கார்ந்தேன்.

"ஒரு விஷயம் சொல்லணுங்க. சின்ன வயசுல தொண்டை வலி வந்து வந்து எனக்கு இதய வால்வுல லேசா கசிவு கீது. மூணு வாரத்துக்கு ஒருவாட்டி ஊசி போட்டுக்கறேன். வேலைக்குப் போறேன், மாடி ஏறறேன், எல்லாம் செய்யறேன். புள்ள பெத்துக்கறதுக்கு முன்னாடி இதய டாக்டரக் கேட்டுக்கணும். தெரிஞ்சிக்கினு முடிவு பண்ணுங்க."

அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். அத்தை அவசரமாக, "ஒண்ணும் இல்லீங்க, சாதாரண தொண்டை வலிதான்," என்றாள்.

"சாதாரணம் இல்ல அத்தை."

நைனா கட்டிலிலிருந்து, "பொண்ணு உண்மைய சொல்லிச்சு. டீ ஆறிப்போவுது, குடிங்க," என்றார்.

குடித்துவிட்டுப் போனார்கள். பதில் வரவில்லை. அத்தை ரொம்ப நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அம்மா அன்று ராத்திரி எனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாள். இன்னும் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகலாம், ஆகாமலும் போகலாம். யார் வந்தாலும் டீ கொடுத்த கையோடு இதைத்தான் சொல்வேன்.

போன மாதம் எக்கோ எடுத்தார்கள். கசிவு கூடவில்லை, குறையவும் இல்லை. நாற்பது வயது வரைக்கும் ஊசி போட்டுக்கொள்வது நல்லது என்று டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார், நான் இடிந்துபோய்விடுவேனோ என்று. போடுங்கள் என்றேன். அடுத்த ஊசி சனிக்கிழமை காலையில். மறுநாள் ஆண்டர்சன்பேட்டையில் என் கூடப் படித்தவளின் கல்யாணம். இடுப்பு வலி குறைந்திருக்காது. நொண்டிக்கொண்டே போவேன், பந்தியில் முதல் வரிசையில் உட்காருவேன். ஏன் நொண்டுகிறாய் என்று யாராவது கேட்டால், அவர்கள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் சொல்ல என்னிடம் விஷயம் இருக்கிறது.